தெரிந்தவரின் பக்கம்

ஹிட்ச்காக்கின் ‘சைக்கோ’ (1960) படத்தில் ஒரு கார் சதுப்பு நீரில் மூழ்கும் காட்சி வரும். காருக்குள் ஒரு பெண்ணின் பிணம். சற்று முன்புவரை அவள்தான் கதாநாயகி. வேலை பார்த்த இடத்தில் நம்பிக் கொடுத்த 40,000 டாலரைத் தூக்கிக்கொண்டு ஊரைவிட்டு ஓடிய மேரியன். படம் தொடங்கியதிலிருந்து அவளோடுதான் பயணம் செய்தோம். போலீஸ்காரர் வழிமறித்தபோது அவளோடு சேர்ந்து நமக்கும் நா வறண்டது. ஒதுக்குப்புறமான ஒரு விடுதியின் குளியலறையில் அவள் குத்திக் கொல்லப்படுகிறாள். விடுதியை நடத்தும் இளைஞன் நார்மன் வந்து பார்க்கிறான். அம்மாவின் வேலை இது என்று பதறுகிறான். ரத்தத்தைக் கழுவுகிறான். பிணத்தைக் குளியலறைத் திரையில் சுற்றிக் காரில் கிடத்துகிறான். காரைச் சதுப்பில் தள்ளிவிட்டு ஓரமாக நின்று பார்க்கிறான். கார் மெல்ல இறங்கி, பாதியில் நின்றுவிடுகிறது.

பார்த்துக்கொண்டிருக்கும் நமக்கு அந்தக் கணத்தில் திக்கென்கிறது. ‘ஐயோ, மாட்டிக்கொள்ளப்போகிறானே!’ கார் மறுபடி அசைந்து முழுவதுமாக உள்ளே போனதும் பெருமூச்சு விடுகிறோம். எதற்காக? கொஞ்ச நேரத்துக்கு முன்பு யாருக்காகத் துடித்தோமோ, அவளுடைய பிணம் யாருக்கும் தெரியாமல் மறைந்துபோனதற்காக.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பார்த்த எல்லோருக்கும் இதுதான் நடக்கிறது. ஆனால் யோசிக்க வேண்டிய விஷயம் இது. ஒரு நல்ல த்ரில்லர் படம் நம்மைப் பயமுறுத்துகிறது என்று சொல்வது பாதி உண்மைதான். நம் மனசாட்சி எவ்வளவு சுலபமாக இடம் மாறி உட்காரும் என்பதையும் அது காட்டிவிடுகிறது.

த்ரில்லர் படங்களின் உத்திகள் ஒன்றும் பரம ரகசியமல்ல. நாலைந்து படம் பார்த்தவர்கள்கூட அவற்றைப் பட்டியல் போட்டுவிடுவார்கள். ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம், எல்லோரும் துரத்தும் ஒரு பெட்டி, தவறாகச் சந்தேகிக்கப்படும் அப்பாவி, பாதி திறந்த கதவு, இரண்டு இடங்களை மாற்றி மாற்றிக் காட்டும் இன்டர்கட், கடைசி ரீலில் ஒரு ட்விஸ்ட். நம் ஊரில் இவற்றோடு இன்டர்வெல் பிளாக்கும் சேர்ந்துகொள்ளும். காபி குடிக்கப்போனவன் சீட்டுக்குத் திரும்பி வருவதற்காகப் போடும் முடிச்சு அது. இவ்வளவும் தெரிந்த பிறகும் ஒவ்வொரு முறையும் மாட்டிக்கொள்கிறோம். அடியில் இருக்கும் விதி ஒன்றே ஒன்றுதான் என்பது அதற்குக் காரணம்: யாருக்கு, என்ன, எப்போது தெரிகிறது?

இதை ஹிட்ச்காக் விளக்கியது சினிமாப் பள்ளிகளில் பாடமாகவே இருக்கிறது. பிரெஞ்சு இயக்குநர் த்ரூஃபோவுடன் 1962இல் நடத்திய நீண்ட உரையாடலில் அவர் சொன்னது. இரண்டு பேர் மேஜையருகே உட்கார்ந்து பேசுகிறார்கள், திடீரென்று மேஜைக்கு அடியில் குண்டு வெடிக்கிறது. பார்ப்பவருக்குச் சில நொடி அதிர்ச்சி, அவ்வளவுதான். அதே குண்டை முதலிலேயே பார்வையாளரிடம் காட்டிவிட்டால், அதே சப்பென்ற பேச்சைக் கால்மணி நேரம் நகம் கடித்துக்கொண்டு கேட்பார்கள். பேசுபவர்களுக்குத் தெரியாது, நமக்குத் தெரியும், ஆனால் போய்ச் சொல்ல முடியாது. சஸ்பென்ஸ் பிறக்கும் இடம் இது. மர்மம் மறைப்பதில் இருக்கிறது என்று நினைக்கிறோம். பரபரப்போ பெரும்பாலும் சொல்லிவிடுவதில்தான் இருக்கிறது.

நம் மொழிக்கு இது புதிதல்ல. சிலப்பதிகாரம் தன் பதிகத்திலேயே முழுக் கதையையும் சொல்லிவிடுகிறது. கோவலன் மதுரையில் கொலையுண்பான், அந்த ஊர் எரியும் என்று தெரிந்துகொண்டுதான் புகார்க் காண்டத்துக்குள் நுழைகிறோம். போதாக்குறைக்கு, நடுவில் கண்ணகியின் கனவு வேறு. அதனால்தான் கணவனும் மனைவியும் விடிவதற்குள் வீட்டைவிட்டுக் கிளம்பும்போது படிப்பவருக்கு நெஞ்சு அடைக்கிறது. முடிவைச் சொல்லிவிட்டால் சுவை போய்விடும் என்று இளங்கோ அஞ்சவில்லை.

கடிகாரத்தையே எடுத்துக்கொள்வோம். கடிகாரமே இல்லாமல் கடிகாரம் வைத்த படம் ஒன்று உண்டு: ‘நொட்டோரியஸ்’ (1946). பெரிய வீட்டில் விருந்து. நிலவறைச் சாவியைக் கணவனின் சாவிக்கொத்திலிருந்து மனைவி எடுத்து உள்ளங்கையில் மறைத்திருக்கிறாள். கேமரா கூடத்தின் உச்சியிலிருந்து கிரேனில் இறங்கி இறங்கி, கடைசியில் அந்தச் சிறிய சாவியில் வந்து நிற்கிறது. அவள் நிலவறைக்குப் போய்த் துப்புத் துலக்கிவிட்டுத் திரும்ப வேண்டும். மேலே ஷாம்பெயின் புட்டிகள் ஒவ்வொன்றாகக் காலியாகின்றன. தீர்ந்துவிட்டால் கணவன் நிலவறைக்கு வருவான், சாவி காணாமல் போனது தெரிந்துவிடும். விருந்தினர் குடிக்கும் ஒவ்வொரு கோப்பையும் ஒரு நிமிடத்தை விழுங்குகிறது. நிலவறையில் ஒளித்து வைத்திருப்பது யுரேனியம் தாது. ஆனால் படம் முடிந்து வெளியே வருபவருக்கு நினைவிருப்பது அந்தப் பெண்ணின் கை மட்டும்தான். துரத்தப்படும் பொருள் எதுவாகவும் இருக்கலாம். துரத்துபவர் நமக்கு வேண்டியவராக இருக்க வேண்டும்.

இன்டர்கட்டின் வயது சினிமாவின் வயதுக்குக் கொஞ்சம்தான் குறைவு. 1909இல் டி.டபிள்யூ. கிரிஃபித் எடுத்த ‘தி லோன்லி வில்லா’வில் தனித்த வீட்டுக்குள் திருடர்கள் புகுகிறார்கள். தாயும் மகள்களும் கதவைத் தாழிட்டு ஒடுங்குகிறார்கள். தொலைவிலிருக்கும் தகப்பன் தொலைபேசியில் செய்தி கேட்டு ஓடி வருகிறான். திருடன், தாய், தகப்பன் என்று மாற்றி மாற்றி வெட்டுகிறார்கள். நான்கு ஆண்டுகள் கழித்து லோயிஸ் வெபர் என்ற பெண் இயக்குநர் தன் குறும்படத்துக்கு ‘சஸ்பென்ஸ்’ என்றே பெயர் வைத்து, திரையை மூன்று முக்கோணங்களாகப் பிரித்து, மூன்று பேரையும் ஒரே நேரத்தில் காட்டினார். அன்றிலிருந்து அடுத்தடுத்து வரும் ஷாட்டுகள் ஒரே சம்பவத்தின் இரு முனைகள் என்று நம்பப் பழகிவிட்டோம். அந்தப் பழக்கத்தையே பொறியாக்கியது ஜோனதன் டெமியின் ‘தி சைலன்ஸ் ஆஃப் த லேம்ப்ஸ்’ (1991). போலீஸ் படை ஒரு வீட்டைச் சூழ்கிறது, அழைப்பு மணியை அழுத்துகிறது. உள்ளே கொலைகாரனின் வீட்டில் மணி ஒலிக்கிறது. கதவைத் திறந்தால் வாசலில் நிற்பது பயிற்சிகூட முடிக்காத பெண் ஒருத்தி, தன்னந்தனியாக. படை சூழ்ந்தது வேறு வீட்டை. நம்மை ஏமாற்ற இயக்குநர் பொய் சொல்லவே இல்லை. இரண்டு உண்மைகளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார், மீதியை நாமே இட்டு நிரப்பிக்கொண்டோம்.

காட்டாமல் விடுவது இன்னொரு வித்தை. ஃப்ரிட்ஸ் லாங்கின் ‘எம்’ (1931) ஒரு குழந்தையின் கொலையை ஒரு துளி ரத்தம் இல்லாமல் சொல்கிறது. அம்மா சாப்பாட்டு மேஜையில் எடுத்துவைத்த வெறும் தட்டு, புதரிலிருந்து உருண்டு வரும் பந்து, கம்பியில் சிக்கித் தவிக்கும் பலூன். ‘ஜாஸ்’ (1975) படத்துக்காகச் செய்த இயந்திரச் சுறா கடல் உப்பு நீரில் அடிக்கடி மக்கர் பண்ணியதால், அதை அதிகம் காட்டாமல் சமாளிக்க வேண்டியதாயிற்று ஸ்பீல்பெர்குக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் சுறா சரியாகக் கண்ணில் படுவதில்லை. இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸின் இரண்டே சுரங்கள்தான் சுறா. அந்தப் பற்றாக்குறைதான் படத்துக்குப் பலமாகிப்போனது.

இவ்வளவும் பயத்தின் இலக்கணம். சைக்கோவின் காரை இந்த இலக்கணம் மட்டும் விளக்கிவிடாது. பயம் யாருக்காக வருகிறது என்பதுதான் அடுத்த கேள்வி.

நாம் பொதுவாகச் சொல்லிக்கொள்ளும் பதில், நல்லவருக்காக. அது சரியா என்று ஹிட்ச்காக்கே இன்னொரு படத்தில் சோதித்துப் பார்த்திருக்கிறார். ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ ட்ரெய்ன்’ (1951). ஒரு டென்னிஸ் வீரனின் மனைவியைக் கொன்றவன் புரூனோ. பழியை அந்த வீரன் மேலேயே போட, அவனுடைய சிகரெட் லைட்டரைக் கொலை நடந்த இடத்தில் போட்டுவரப் புறப்படுகிறான். அவனைத் தடுக்க வேண்டுமானால் வீரன் தன் ஆட்டத்தைச் சீக்கிரம் ஜெயித்துவிட்டு ஓட வேண்டும். வழியில் லைட்டர் கைதவறித் தெருவோரச் சாக்கடைக் கம்பிக்குள் விழுந்துவிடுகிறது. புரூனோ கையை உள்ளே விட்டுத் துழாவுகிறான். விரல் நுனி தொடுகிறது, நழுவி இன்னும் கீழே போகிறது. பல்லைக் கடித்துக்கொண்டு தோள்வரை கையை நுழைக்கிறான். அங்கே ஆட்டம், இங்கே சாக்கடை. பார்க்கும் நாம் இரண்டு பேருக்காகவும் தவிக்கிறோம். ‘இன்னும் கொஞ்சம், இதோ எட்டிவிட்டது’ என்று நம் விரல்களும் நீள்கின்றன. அவன் எடுத்துவிட்டால் ஒரு நிரபராதி தூக்குமேடைக்குப் போவான் என்று தெரிந்தே நீள்கின்றன.

ஒருவரின் கண் வழியாகப் பார்ப்பதாலேயே அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறோம் என்று சொல்வதுண்டு. அது போதாது. ஜாஸின் தொடக்கத்தில் கேமரா சுறாவின் கண்ணாகவே நீருக்கடியில் நகர்கிறது. சுறா ஜெயிக்கட்டும் என்று யாரும் வேண்டிக்கொள்வதில்லை. சுறாவுக்குச் சிரமம் எதுவும் இல்லை. புரூனோவுக்கு இருக்கிறது. நார்மனுக்கும் இருக்கிறது. ஒரு மனிதன் கவலையோடு, கவனத்தோடு, ஏதோ ஒரு வேலையைச் செய்து முடிக்கப் பாடுபடுவதை அருகில் இருந்து கொஞ்ச நேரம் பார்த்தாலே போதும். அந்த வேலை என்னவென்று கேட்பதை மறந்து, முடிய வேண்டுமே என்று நினைக்கத் தொடங்கிவிடுகிறோம். பரிவு என்பது தீர்ப்புக்குப் பிறகு வரும் பரிசு அல்ல. அது தீர்ப்புக்கு முந்திக்கொண்டு வந்து, தீர்ப்பை எழுதும் பேனாவைப் பிடித்துக்கொள்கிறது.

இதை மிகத் துல்லியமாகப் பயன்படுத்திய நம் காலத்துப் படம் ‘பாபநாசம்’ (2015). ஜீத்து ஜோசப் தன் மலையாள ‘த்ரிஷ்யம்’ (2013) கதையைத் தமிழில் திரும்ப எடுத்தது. முதல் பாதியின் பெரும்பகுதியில் ஒன்றுமே நடக்கவில்லை என்று சிலர் குறைபட்டார்கள். கேபிள் டிவி நடத்தும் சுயம்புலிங்கம், அவருடைய சிக்கனம், சினிமாப் பைத்தியம், மனைவியோடு செல்லச் சண்டை, பிள்ளைகளின் அடம். அந்த ‘ஒன்றுமே நடக்காத’ நேரத்தில்தான் படம் தன் வேலையைச் செய்துகொண்டிருக்கிறது. அந்த வீட்டுக்குள் நம்மைக் குடியேற்றிவிடுகிறது. பிறகு ஒரு பையன் செத்துப்போகிறான். மகளைக் குளிக்கும்போது படமெடுத்து மிரட்ட வந்தவன், தற்காப்பில் விழுந்த அடியில் இறந்தவன். குடும்பம் அதை மறைக்கிறது. அந்தப் பொய்கள் பலிக்க வேண்டுமே என்று நாம் பதைபதைக்கிறோம்.

இதே கதையில் ஒரு சம்பவத்தைக்கூட மாற்றாமல், கேமராவை மட்டும் போலீஸ் அதிகாரி கீதா பிரபாகரின் வீட்டில் வைத்துத் தொடங்கிப் பாருங்கள். ஒரே மகன் வீடு திரும்பவில்லை. அலைபேசி எடுக்கவில்லை. நாட்கள் போகின்றன. எங்கேயோ ஒரு கேபிள்காரர் எல்லாம் தெரிந்தும் வாயைத் திறக்காமல் இருக்கிறார். அந்தப் படத்தில் நாம் யார் பக்கம் இருப்போம்? சுயம்புலிங்கம் மாட்ட வேண்டும் என்றுதானே பல்லைக் கடிப்போம்? ஜீத்து ஜோசப் நேர்மையான இயக்குநர். முடிவில் அந்தப் பெற்றோரை வெறும் மனிதர்களாகக் கொண்டுவந்து சுயம்புலிங்கத்தின் முன் நிறுத்துகிறார். அவர் மன்னிப்புக் கேட்கும்போது, இத்தனை நேரம் நாம் எட்டிப் பார்க்காத ஒரு வீட்டின் இருட்டு நம்மேலும் படிகிறது.

சுயம்புலிங்கமே ஒரு இயக்குநர் என்பதையும் கவனிக்க வேண்டும். பேருந்து நடத்துநர், உணவு விடுதிக்காரர், தியேட்டர் ஆபரேட்டர் என்று ஒவ்வொருவரையும் தேடிப் போய்ப் பேச்சுவாக்கில் நாளைப் பதியவைக்கிறார். அவர்கள் யாரும் பொய் சொல்லவில்லை, மனதில் பதிந்ததைச் சொல்கிறார்கள். எதைக் காட்டுகிறோம், எந்த வரிசையில் காட்டுகிறோம் என்பதைத் தீர்மானிப்பவர்தான் சாட்சியையும் தீர்மானிக்கிறார் என்பதை நாலாம் வகுப்பு மட்டுமே படித்த அந்த மனிதர் சினிமா பார்த்தே கற்றிருக்கிறார்.

எதிர்த்திசையிலும் இந்த விதி வேலை செய்யும். எஸ். பாலசந்தரின் ‘அந்த நாள்’ (1954) முதல் காட்சியிலேயே சிவாஜி கணேசனைச் சுட்டுச் சாய்த்துவிடுகிறது. பாட்டு இல்லை, நடனம் இல்லை. இரண்டாம் உலகப்போர்க் காலச் சென்னை. செத்தவன் வானொலிப் பொறியாளன் ராஜன். துப்பறிய வந்த அதிகாரி ஒவ்வொருவராகக் கேட்கக் கேட்க, ஒவ்வொரு ஃப்ளாஷ்பேக்கிலும் வேறொரு ராஜன் எழுந்து வருகிறான். கடைசியில் தெரியவருவது ஒரு தேசத்துரோகி. தொடக்கத்தில் அந்தப் பிணத்துக்காக இரங்கிய மனம் முடிவில் அப்படியே இல்லை. பிணம் மாறவில்லை, நமக்குத் தெரிந்தது மாறிவிட்டது.

‘எம்’ படத்தின் இறுதிப் பகுதியில் கொலைகாரனைப் பிடிப்பது போலீஸ் அல்ல, நகரத்துத் திருடர்கள். தங்கள் பிழைப்பு கெடுகிறது என்பதால் அவர்களே துரத்திப் பிடித்து, பாழடைந்த கட்டடத்தில் விசாரணை நடத்துகிறார்கள். குழந்தைகளைக் கொன்றவன் அவன். மன்னிக்க வழியே இல்லை. ஆனால் கொலைகாரனாக நடிக்கும் பீட்டர் லோரே மண்டியிட்டு, தன்னைத் தானே துரத்தும் கொடுமையைச் சொல்லிக் கதறும்போது, கூட்டத்தில் ஒருவர் இருவர் தலையசைக்கிறார்கள். உலகின் முதல் பெரிய பேசும் த்ரில்லர்களில் ஒன்று, தன் மிகக் கொடிய பாத்திரத்துக்கும் பேச வாய்ப்புக் கொடுத்தது. விடுதலை செய்யச் சொல்லவில்லை, கேட்கச் சொன்னது.

இங்கே நம் போலீஸ் படங்களைக் கொஞ்சம் நினைத்துப் பார்க்கலாம். குற்றவாளியைத் தேடும் அதிகாரி ஊரிலுள்ள சந்தேகக் கேஸ்களை அள்ளிக்கொண்டு வருவார். பின்னணி இசை அதிர, இரண்டு நிமிட மாண்டேஜில் லத்தி பேசும். பெயர்கூடத் தெரியாத ஆட்கள் சுவரோரம் சுருண்டு விழுவார்கள். நாம் பாப்கார்ன் தின்றுகொண்டு பார்ப்போம். வெற்றிமாறனின் ‘விசாரணை’ அந்த இரண்டு நிமிடத்துக்குள் புகுந்து அங்கேயே உட்கார்ந்துகொண்டது. மு. சந்திரகுமார் தன் சொந்த அனுபவத்திலிருந்து எழுதிய ‘லாக்கப்’ நாவலைத் தழுவிய படம். குண்டூரில் பிழைக்கப்போன தமிழ்த் தொழிலாளிகள், செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளும்வரை அடிவாங்குகிறார்கள். அவர்களை ஏன் பிடித்தார்கள்? அந்த ஊரில் அவர்களை யாருக்கும் தெரியாது. கேட்க நாதியில்லை. இந்தப் படத்தைப் பார்த்தவர்களால் அதன் பிறகு வேறெந்தப் படத்திலும் அந்த லத்தி மாண்டேஜை முன்புபோல் ரசிக்க முடியாது.

இப்போது சிலப்பதிகாரத்தின் மதுரைக்குத் திரும்புவோம். பாண்டியன் நெடுஞ்செழியன் கொடுங்கோலன் அல்ல. காப்பியமே அவனை அப்படிக் காட்டவில்லை. தன் தவறு தெரிந்ததும் உயிரையே விட்டவன். அவனிடம் வந்து, அரசியின் சிலம்பைத் திருடியவன் அகப்பட்டான் என்று சொன்னது யார்? அரண்மனைப் பொற்கொல்லன். நாளும் வந்து போகிறவன், தெரிந்தவன். கோவலன் யார்? வேற்று நாட்டான், தெரியாதவன். ஊடலில் இருந்த அரசியைத் தேடிப் போகும் அவசரத்தில், தெரிந்தவன் சொன்னதை நம்பி ஆணை பிறந்தது. கொல்லப்போன காவலர்களுக்கே தயக்கம் வந்தது, இவன் முகம் கள்வன் முகமாக இல்லையே என்று. பொற்கொல்லன் அவர்களுக்குத் திருடர்களின் சாமர்த்தியம் பற்றிக் கதை கதையாகச் சொல்லித் தயக்கத்தைப் போக்கினான். கையிலிருக்கும் சிலம்பின் உள்ளே என்ன பரல் என்று யாராவது ஒருவர் கேட்டிருந்தால் போதும். அரசியின் சிலம்பில் முத்து, கண்ணகியின் சிலம்பில் மாணிக்கம். ஒரு கேள்வியில் முடிந்திருக்க வேண்டிய வழக்கு ஒரு நகரத்தைத் தின்றது.

நாம் நீதியின் பக்கம் நிற்பதாக நம்பிக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலும் தெரிந்தவரின் பக்கம்தான் நிற்கிறோம். த்ரில்லர் படத்தின் உத்திகள் அத்தனையும் இந்த ஒரு பலவீனத்தின் மேல் கட்டியவை. இரண்டு மணி நேரத்தில், முகம் தெரியாத ஒரு இயக்குநரால் நம் மனதைக் கொலையை மறைப்பவன் பக்கம் திருப்ப முடியுமென்றால், பிறந்ததிலிருந்து ஒரே தெருவில், ஒரே உறவுக்குள், ஒரே தொலைக்காட்சிக்கு முன்னால் உட்கார்ந்திருக்கும் நம்மை எவையெல்லாம் எந்தப் பக்கம் திருப்பியிருக்கும்? நம் பிள்ளை தப்புச் செய்தால் சூழ்நிலை தெரிகிறது, பக்கத்துத் தெருப் பிள்ளை செய்தால் குணம் தெரிகிறது. குற்றம் சாட்டப்பட்டவர் உறவுக்காரர் என்றால் ‘அவன் அப்படிப்பட்டவன் இல்லை’ என்கிறோம். வேறு மாநிலத்திலிருந்து கட்டட வேலைக்கு வந்தவர் என்றால் விசாரணையே தேவைப்படுவதில்லை.

ஒரு விஷயத்தில் சினிமா நம்மைவிடப் பெரியமனம் கொண்டது. எப்படியும் க்ளைமாக்ஸில் உண்மையைச் சொல்லிவிடும். வாழ்க்கையில் அப்படி ஒரு கடைசி ரீல் வருவதற்கு எந்த உத்தரவாதமும் இல்லை. சிலம்போடு வந்து நின்று வாதாட ஒவ்வொரு கோவலனுக்கும் ஒரு கண்ணகி வாய்ப்பதுமில்லை.

ஆகவே, அடுத்த முறை ஒரு செய்தியைப் பார்த்ததும் ‘இவனைத் தூக்கில் போட வேண்டும்’ என்றோ ‘பாவம், இவர் என்ன செய்வார்’ என்றோ மனம் துள்ளினால், ஒரு நிமிடம் நிறுத்துங்கள். கேமரா யார் வீட்டில் இருக்கிறது என்று கேளுங்கள். எந்த வீட்டுக்குள் அது போகவே இல்லை என்று கேளுங்கள். தெரிந்தவருக்காக நெஞ்சு பதறுவது இயற்கை. அதற்கு யாரும் நமக்குச் சொல்லித்தர வேண்டியதில்லை. தெரியாதவரையும் கூப்பிட்டு உட்காரவைத்துக் கேட்பதற்குப் பெயர்தான் நீதி.